வாங்கிய கேமை பிறகு மாற்றலாமா?

கம்ப்யூட்டர் வாங்கி சில மாதங்களே ஆன நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "போன வாரம் வரை இந்த கேமில் குதிரை வில்லாளிகளை வைத்து சுலபமாக ஜெயித்துக் கொண்டிருந்தேன். இன்று அதே படையைத்தான் அனுப்புகிறேன், தோற்றுப் போகிறேன். கம்ப்யூட்டரில் வைரஸ் வந்துவிட்டதா?"

வைரஸ் எதுவும் இல்லை. நீங்கள் கவனிக்காத நேரத்தில் அந்த கேமுக்கு ஒரு அப்டேட் வந்து இறங்கியிருக்கும். குதிரை வில்லாளியின் விலை கொஞ்சம் கூடியிருக்கும், அல்லது அவனை எதிர்க்கும் ஈட்டிக்காரனின் பலம் கொஞ்சம் உயர்ந்திருக்கும். இப்படி விற்பனைக்கு வந்த பிறகு கேமில் உள்ள பலம், விலை, வேகம் போன்ற எண்களை மாற்றி, எல்லாத் தரப்புக்கும் சமமான வாய்ப்பு கிடைக்கும்படி செய்வதைத்தான் பேலன்ஸ் செய்வது என்கிறார்கள். இது சரியா, தவறா என்று கேம் ஆடுபவர்கள் மத்தியில் பல வருடங்களாகச் சண்டை நடக்கிறது. கம்ப்யூட்டருக்குப் புதியவர்களும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. காசு கொடுத்து வாங்கிய பொருளை, வாங்கிய பிறகு கம்பெனி மாற்றிக் கொண்டே இருக்கலாமா என்பதுதான் இதன் அடியில் இருக்கும் கேள்வி.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்த்துவிடலாம். கேம் பாதியில் நின்று போகிறது, சேவ் செய்த பைல் திறக்கவில்லை, சுவருக்குள் மனிதன் மாட்டிக் கொள்கிறான் என்றால் அவை பிழைகள். சாப்ட்வேர் எழுதுபவர்கள் இவற்றை பக் என்போம். அவற்றைச் சரி செய்யும் அப்டேட்டை யாரும் குறை சொல்வதில்லை. விண்டோஸுக்கு வரும் பாதுகாப்பு அப்டேட்டுகளும் வேறு ரகம். அவற்றைத் தள்ளிப் போடாமல் போட்டுவிடுங்கள். நாம் பேசப் போவது, கேம் ஒழுங்காக ஓடிக் கொண்டிருக்கும்போதே அதன் விதிகளை மாற்றும் அப்டேட்டுகளைப் பற்றி.

ஆனால் பிழைக்கும் விதிக்கும் நடுவே உள்ள கோடு எப்போதும் தெளிவாக இருக்காது. 1991-ல் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்ற சண்டை கேமைத் தயாரிக்கும்போது, ஒரு அடி முடிவதற்குள் அடுத்த அடியைத் தொடர்ந்து கொடுக்க முடிகிறது என்பதைத் தயாரிப்பாளர் ஒருவர் தற்செயலாகக் கவனித்தார். யாரும் திட்டமிட்டு வைத்தது இல்லை அது. சரி செய்யாமல் அப்படியே விட்டார்கள். அதுதான் காம்போ. இன்று வரும் பெரும்பாலான சண்டை கேம்கள் அது இல்லாமல் வருவதில்லை. எல்லாப் பிழையையும் உடனுக்குடன் துடைத்துவிடும் பழக்கம் அன்று இருந்திருந்தால் அதையும் துடைத்திருப்பார்கள்.

ஏன் எல்லோருக்கும் ஒரே பதிப்பு?

"மாற்றம் வேண்டும் என்பவர் போட்டுக் கொள்ளட்டும், வேண்டாதவர் பழையதிலேயே ஆடட்டும். இதில் என்ன கஷ்டம்?" என்று நீங்கள் கேட்கலாம். தனியாக ஆடும் கேமில் கஷ்டம் எதுவும் இல்லை. இன்டர்நெட்டில் நாலு பேர் சேர்ந்து ஆடும்போதுதான் சிக்கல்.

ஏஜ் ஆப் எம்பயர்ஸ் கேமை எடுத்துக் கொள்வோம். 1997-ல் முதல் பதிப்பு வந்தது. டெலிபோன் வழியாக இணையும் 28.8 மோடம்தான் அன்றைய வீடுகளில் இருந்தது. எட்டுப் பேர் ஆட, திரையில் நூற்றுக்கணக்கான வீரர்கள் ஓட, ஒவ்வொருவனும் எங்கே நிற்கிறான் என்ற தகவலை எல்லாம் அந்த மெல்லிய கம்பியில் அனுப்பவே முடியாது. எனவே அதை எழுதிய எஞ்சினியர்கள் ஒரு வழி செய்தார்கள். கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் கட்டளைகளை மட்டும் அனுப்பிக் கொள்ளும். "இந்த இருபது பேர் அந்த மலைக்குப் போ" என்ற ஒரு கட்டளை போதும். அதன் பிறகு நடப்பதை எட்டுக் கம்ப்யூட்டர்களும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, ஒரே விடைக்கு வந்து சேரும். இதை விளக்கி அவர்கள் 2001-ல் வெளியிட்ட கட்டுரை இன்றும் கேம் எழுதக் கற்றுக் கொள்பவர்கள் தேடிப் படிக்கும் ஒன்று.

இப்போது யோசித்துப் பாருங்கள். என் கம்ப்யூட்டரில் வில்லாளியின் தாக்கும் பலம் 4. அப்டேட் போட்ட உங்கள் கம்ப்யூட்டரில் அது 5. என் திரையில் உயிரோடு இருக்கும் வீரன் உங்கள் திரையில் செத்துக் கிடப்பான். அடுத்த நொடியிலிருந்து நாம் இரண்டு பேரும் வேறு வேறு போரை நடத்திக் கொண்டிருப்போம். அதனால்தான் பதிப்பு எண் பொருந்தாவிட்டால் ஆட்டத்தைத் தொடங்கவே கேம் மறுக்கிறது. இத்தகைய கேம்களில் பழைய ஆட்டத்தைப் பதிவு செய்து வைத்த ரீப்ளே பைல்கள் அப்டேட்டுக்குப் பிறகு சரியாக ஓடாமல் போவதற்கும் காரணம் இதுவே. அந்த பைலில் இருப்பது படம் இல்லை, கட்டளைகள் மட்டும்தான். விதி மாறினால் அதே கட்டளைகள் வேறு கதையைச் சொல்லும்.

ஆக, கூட்டாக ஆடும் கேமில் ஒருவருக்கு மட்டும் மாற்ற முடியாது. மாற்றினால் எல்லோருக்கும் மாற்ற வேண்டும். சண்டை இங்கேதான் தொடங்குகிறது.

மாற்றாமல் விட்ட கேம்

பிளிசார்ட் நிறுவனத்தின் ஸ்டார்கிராப்ட் மார்ச் 1998-ல் வந்தது. டெர்ரன், ஸெர்க், ப்ரோட்டாஸ் என்று மூன்று இனங்கள். மூன்றுக்கும் வேறு வேறு படைகள், வேறு வேறு கட்டடங்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்றைச் சமமாக்குவது சாதாரண வேலையில்லை. முதல் மூன்று வருடங்கள் அப்டேட்டுகள் வந்தன. கடைசிப் பெரிய மாற்றம் மே 2001-ல் வந்த 1.08 பதிப்பு. ஆட்டம் தொடங்கிய உடனேயே சிறு பூச்சிப் படையை அனுப்பி எதிரியை முடித்துவிடும் ஸெர்க் தந்திரத்துக்கு அதில் ஒரு கடிவாளம் போட்டார்கள். அந்தப் படைக்குத் தேவையான கட்டடத்தின் விலை 150-லிருந்து 200 ஆனது. அவ்வளவுதான். ஐம்பது மினரல் சேர்க்க ஆகும் சில வினாடிகளில் எதிரி ஒரு காவலைப் போட்டுவிடலாம்.

அதற்குப் பிறகு பிளிசார்ட் அந்த எண்களைத் தொடவில்லை. 2017-ல் படங்களைப் புதுப்பித்து ரீமாஸ்டர்ட் பதிப்பை வெளியிட்டபோதும் விதிகளை அப்படியே வைத்தார்கள். தென் கொரியாவில் இந்த கேம் டெலிவிஷனில் ஒளிபரப்பாகும் தொழில்முறை விளையாட்டாக வளர்ந்ததன் பெரும்பகுதி, விதிகள் மாறாத அந்த வருடங்களில்தான்.

சமநிலை தானாக வந்ததா? அப்படியும் இல்லை. ஒரு இனம் அதிகம் ஜெயிக்கிறது என்று தெரிந்தால் கொரிய லீக் நடத்துபவர்கள் மேப்பை மாற்றினார்கள். கனிமம் எங்கே கிடக்கிறது, மேட்டுக்கு ஏறும் பாதை எவ்வளவு அகலம் என்பதை மாற்றினாலே ஆட்டத்தின் போக்கு மாறிவிடும். கேமின் விதி அப்படியே இருக்கும். பிடிக்காத மேப்பை அடுத்த சீசனில் தூக்கிப் போடலாம். சாப்ட்வேர்காரனாகச் சொல்கிறேன், இது மிக புத்திசாலித்தனமான ஏற்பாடு. அடித்தளத்தில் கை வைக்காமல் மேலே உள்ள ஒன்றை மாற்றுவது எப்போதும் ஆபத்து குறைந்த வழி.

இன்னொரு விஷயமும் நடந்தது. ஸெர்க்கை ப்ரோட்டாஸ் வெல்வது மிகக் கடினம், அதிலும் மா ஜே-யூன் என்ற ஸெர்க் வீரரிடம் நடக்கவே நடக்காது என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்த நேரம். மார்ச் 2007-ல் எம்எஸ்எல் இறுதிப் போட்டியில் கிம் டேக்-யாங் என்ற இளம் ப்ரோட்டாஸ் வீரர் அவரை 3-0 என்று வீழ்த்தினார். விமானப் படையையும் கண்ணுக்குத் தெரியாத வீரர்களையும் சேர்த்துப் பயன்படுத்திய அந்த முறையை அவருடைய பெயரிலேயே அழைக்கிறார்கள். அவர் பயன்படுத்திய எல்லாமே கேமில் முன்பிருந்தே இருந்தவை. விதி மாறி ஆறு வருடங்கள் ஆகியிருந்தன. 2006-ல் யாராவது "ப்ரோட்டாஸ் பாவம்" என்று ஒரு அப்டேட் போட்டிருந்தால் அந்த இறுதிப் போட்டி நமக்குக் கிடைத்திருக்காது.

மாற்றிய கேம்

அதே நிறுவனம் 2010-ல் ஸ்டார்கிராப்ட் 2-ஐ வெளியிட்டது. இம்முறை அப்டேட் அனுப்புவது சுலபம். அனுப்பிக் கொண்டே இருந்தார்கள். மே 2012-ல் வந்த ஒரு அப்டேட்டில் ஸெர்க்கின் குயின், தரையில் உள்ள எதிரியைத் தாக்கும் தூரத்தை 3-லிருந்து 5 ஆக்கினார்கள். ஆட்டத்தின் தொடக்கத்தில் ஸெர்க் கொஞ்சம் தற்காத்துக் கொள்ளட்டும் என்பதே நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் தொடக்கத்தில் பயம் இல்லாமல் போனதால் ஸெர்க் ஆடுபவர்கள் நிம்மதியாகக் காசு சேர்த்து, கடைசிக் கட்டத்தில் தடுக்கவே முடியாத ஒரு படையைக் கட்டத் தொடங்கினார்கள். மார்ச் 2013-ல் அடுத்த பாகம் வரும்வரை பல போட்டிகள் ஒரே மாதிரி முடிந்தன. பார்ப்பவர்களுக்கே சலித்துவிட்டது.

ஒரு எண். 3-க்குப் பதில் 5. ஒரு இடத்தில் மாற்றினால் எங்கோ ஒரு மூலையில் வெடிக்கும் என்பது பில்லிங் சாப்ட்வேர் எழுதுபவனுக்கே தெரியும். லட்சக்கணக்கானோர் நாள் முழுக்க ஓட்டை தேடும் கேமில் சொல்லவே வேண்டாம்.

நம் கிரிக்கெட்டில் நடந்ததும் இதே கதைதான். 2011 அக்டோபரில் ஒருநாள் ஆட்டத்தில் இரண்டு முனைக்கும் இரண்டு புதுப் பந்து என்று விதி வந்தது. பந்து பழசாவதே குறைந்து, ரிவர்ஸ் ஸ்விங் ஏறக்குறைய காணாமல் போனது. 2025-ல்தான் 34 ஓவருக்குப் பிறகு ஒரே பந்து என்று திருத்தினார்கள். ஆனாலும் கிரிக்கெட்டில் ஒரு நிம்மதி உண்டு. தொடர் நடந்து கொண்டிருக்கும்போது செவ்வாய்க்கிழமை இரவோடு இரவாக விதி மாறாது.

கேம் ஆடுபவர்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஒரு ஆயுதத்தைப் பழக மாதக்கணக்கில் நேரம் போட்டிருப்பார்கள். ஆனால் அந்தக் கோபம் எல்லை மீறியதும் உண்டு. கால் ஆப் டியூட்டி பிளாக் ஆப்ஸ் 2 கேமில் 2013 ஜூலையில் ஒரு ஸ்னைப்பர் துப்பாக்கியின் இரண்டு குண்டுகளுக்கு இடைப்பட்ட நேரம் 0.2 வினாடியிலிருந்து 0.4 வினாடி ஆனது. இதற்காக அந்த கேமின் டிசைன் டைரக்டர் டேவிட் வோண்டர்ஹாருக்கும் அவர் குடும்பத்துக்கும் கொலை மிரட்டல்கள் வந்தன. வினாடியில் ஐந்தில் ஒரு பங்குக்காக! விளையாட்டு விளையாட்டாக இருக்க வேண்டும் என்று வீட்டில் ஆடும் பிள்ளைகளிடம் சொல்ல இது ஒன்றே போதும்.

மாற்றம் நல்லது செய்த இடம்

மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஏஜ் ஆப் எம்பயர்ஸ் 2-ஐப் பாருங்கள். 1999-ல் வந்த கேம். 2000-ல் வந்த கான்கரர்ஸ் பதிப்பில் ஹூணர்கள் வீடு கட்டத் தேவையில்லை. குதிரை வில்லாளிகளும் அவர்களுக்கு 25, பிறகு 30 சதவீதம் மலிவு. பல வருடங்கள் புதிய அப்டேட் இல்லாததால், ஒருவருக்கொருவர் ஆடும் ஆட்டங்களில் இரு பக்கமும் ஹூணர்களே நின்றார்கள். மற்ற இனங்கள் எல்லாம் மெனுவில் அலங்காரமாகக் கிடந்தன. பின்னால் வந்த பதிப்புகளில் அந்தச் சலுகையை 10, 20 சதவீதமாகக் குறைத்த பிறகு மற்றவர்களுக்கும் வேலை வந்தது. 2019-ல் டெஃபினிட்டிவ் எடிஷன் வந்தது முதல் தொடர்ந்து திருத்தங்கள் வருகின்றன. கால் நூற்றாண்டு பழைய கேம் இன்றும் உயிரோடு இருப்பதில் அதற்குப் பங்கு உண்டு.

ஏப்ரல் 2022-ல் இதற்கு வந்த டைனாஸ்டீஸ் ஆப் இந்தியா என்ற கூடுதல் பாகம் நமக்கு வேண்டியது. திராவிடர்கள் என்ற இனம் அதில் சேர்ந்தது. உறுமி என்று அதில் பெயர் வைத்திருக்கும் சுருள்வாள் வீரர்கள், திரிசடை என்ற பெரிய கப்பல், ராஜேந்திர சோழனின் படையெடுப்பு எல்லாம் உண்டு. வீரனைக் கிளிக் செய்தால் தமிழில் பதில் சொல்வான். கேட்டுப் பாருங்கள், ஒரு சந்தோஷம். நைட் என்ற கனமான குதிரைப்படை இவர்களுக்குக் கிடையாது. அதனால் கடலில் மிரட்டியவர்கள் திறந்த நிலத்தில் திணறினார்கள். பிறகு வந்த அப்டேட்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் சேர்த்தார்கள். இதை யார் வேண்டாம் என்பார்கள்?

ஆனால் அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. ஏற்கெனவே இருந்த இந்தியர்கள் என்ற இனம் ஹிந்துஸ்தானிகள் ஆனது. அவர்களுடைய தனிப்படையான யானை வில்லாளிகள் புதிய இனங்களுக்குப் போனார்கள். புதிய பாகத்தைக் காசு கொடுத்து வாங்காதவரின் கம்ப்யூட்டரிலும் இந்த மாற்றம் வந்தது. யானைப் படையை விரும்பி ஆடியவர் ஒரு காலையில் கேமைத் திறந்தால் யானை இல்லை. வீட்டில் தனியாகக் கம்ப்யூட்டரோடு ஆடுபவருக்கு, எங்கோ நடக்கும் போட்டியின் சமநிலை எதற்கு? இந்த இடத்தில் நான் கம்பெனியின் பக்கம் நிற்க மாட்டேன். கூட்டாக ஆடும் பகுதிக்குப் புதிய விதி, தனியாக ஆடுபவருக்கு அவர் விரும்பும் விதி என்று ஒரு பட்டன் வைப்பது எழுத முடியாத புரோகிராம் ஒன்றும் இல்லை. எண்கள் எல்லாம் ஒரு பைலில்தான் இருக்கின்றன. பழைய பைலையும் கூடவே வைத்துவிட்டால் போயிற்று. கூட்டாட்டத்திலும் மாதா மாதம் எண்ணைத் தொடாமல், ஆடுபவர்கள் தாங்களே விடை கண்டுபிடிக்க ஒரு சீசனாவது பொறுத்துப் பார்க்கலாம்.

உங்கள் கம்ப்யூட்டரில் என்ன செய்யலாம்?

ஸ்டீம் வழியாக கேம் வாங்கியிருந்தால், லைப்ரரியில் கேமின் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் திறந்திடுங்கள். அப்டேட்ஸ் பகுதியில், கேமைத் தொடங்கும்போது மட்டும் அப்டேட் செய்யும்படி அமைக்கலாம். அப்டேட்டை முழுவதும் நிறுத்தும் வசதி அங்கே இல்லை. ஆனால் பீட்டாஸ் என்ற பகுதியைப் பாருங்கள். பெயரைப் பார்த்து சோதனைப் பதிப்பு மட்டும்தான் என்று ஒதுக்கிவிட வேண்டாம். சில கேம்களில் பழைய பதிப்புகளையும் அங்கே வைத்திருப்பார்கள். ஜிஓஜி தளத்தில் வாங்கினால் இன்ஸ்டாலர் பைலையே டவுன்லோட் செய்து வைத்துக் கொள்ளலாம். உங்களுக்குப் பிடித்த பதிப்பின் இன்ஸ்டாலரை ஒரு பென் டிரைவில் காப்பி செய்து, மேலே பதிப்பு எண்ணையும் தேதியையும் எழுதி ஒட்டி வைத்திடுங்கள்.

இன்னும் ஒன்று. ஒவ்வொரு அப்டேட்டோடும் பேட்ச் நோட்ஸ் என்று ஒரு குறிப்பு வரும். பெரும்பாலோர் அதைப் படிக்காமல் மூடிவிடுவார்கள். அடுத்த முறை ஜெயித்துக் கொண்டிருந்த படை திடீரென்று தோற்றால், ஆன்டி வைரஸை ஓட்டுவதற்கு முன்னால் அந்தக் குறிப்பைத் திறந்து உங்கள் படையின் பெயரைத் தேடிப் பாருங்கள்.