தீவில் ஒரு காணி – 6: ஆவணியில் அள்ளிய தண்ணீர்

ரொறொன்ரோவில் இருக்கும் மச்சானின் வீட்டு நிலவறையில் ஒரு சின்னக் கடையே இருக்கிறது. அரிசி மூட்டை, தகரப்பேணி மீன், தண்ணீர்ப் போத்தல், பற்றரி. கோவிட் காலத்தில் தொற்றிய பழக்கம். போன மாதம் தொலைபேசியில் கேட்டார்: "அல்லைப்பிட்டியில அம்மான்ர காணி எட்டுப் பரப்புக் கிடக்கு. உலகம் கவிண்டாலும் அங்க போய் இருந்து சீவிக்கலாமோ?"

எட்டுப் பரப்பு என்றால் அரை ஏக்கர். கேள்வி சிரிப்பாக இருந்தாலும் கேட்பவர் அவர் ஒருவர் மட்டும் அல்ல. பேபாலைத் தொடங்கியவர்களில் ஒருவரான பீற்றர் தீல், நியூசிலாந்தின் வனாக்கா ஏரிக்கரையில் மாளிகை போல் ஒரு விடுதி கட்ட அனுமதி கேட்டார்; 2022இல் அங்குள்ள சபை மறுத்துவிட்டது. சுவீடன் அரசு போர் வந்தால் என்ன செய்வதென்று வீட்டுக்கு வீடு கையேடு அனுப்புகிறது. ஒதுக்கமான இடம், சுற்றிக் கடல், உள்ளே வர ஒரே வழி, சொந்தத் தண்ணீர், சொந்த உணவு: இப்படி இடம் தேடுகிறவர்களின் கண்ணுக்கு, யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதியால் சிறிது நேரத்தில் போய்விடக்கூடிய அல்லைப்பிட்டி நல்ல இடமாகவே தெரியும்.

தீவுப்பகுதியில் காணி பார்க்கிறவர் உறுதியை விரிக்குமுன் கிணற்றில் ஒரு வாளி அள்ளி வாயில் விட்டுப் பார்க்க வேண்டும். அதுவும் ஆவணியில். மார்கழியில் எந்தக் கிணறும் நல்ல கிணறுதான்.

இங்கே ஆறு கிடையாது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்கிற மழை மணலுக்குள்ளும் சுண்ணக்கல்லுக்குள்ளும் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. அதைத்தான் வருடம் முழுவதும் குடிக்கிறோம். கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியல் கணக்கு. அதை மறுபக்கமாக வாசித்தால்தான் பயம் வரும். மேலே ஓரடி இறைத்துவிட்டால் கீழிருந்து உப்பு நாற்பதடி ஏறப் பார்க்கும். துலாவால் இறைத்த காலத்தில் மனிதன் களைத்ததும் கிணறும் ஓய்ந்தது. மோட்டருக்குக் களைப்பில்லை.

மணல் இதில் பாதி உயிர். பக்கத்து ஊருக்கு மண்கும்பான் என்று பேர் வந்ததே மணற் கும்பிகளால்தான். அந்தக் கும்பிகள் மழையைப் பிடித்து வைக்கும் பஞ்சு. வீடு கட்டவென்று உழவு இயந்திரப் பெட்டிகளில் களவாக ஏறிப்போகிற ஒவ்வொரு லோட் மணலும் யாரோ ஒருவருடைய கோடைத் தண்ணீர். மச்சானுடைய காணியின் மேற்கு மூலையும் அப்படித்தான் பள்ளமாகிக் கிடக்கிறது. அதை அவருக்கு இன்னும் சொல்லவில்லை.

சாப்பாட்டில் ஊர் தோற்காது. பனை இருக்கிறது. விதையைப் பாத்தி போட்டால் மழைக்குப் பிறகு கிழங்கு. கிழங்கைக் கிழித்துப் பச்சையாகக் காயவிட்டால் ஒடியல், அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். பனம்பழக் களியைப் பாயில் ஊற்றிக் காயவைத்தால் பனாட்டு. தகரப்பேணியும் குளிரூட்டியும் இல்லாமல் மாதக்கணக்கில் கிடக்கும் பண்டங்கள் இவை. ஒடியல் மாவை ஊறவிட்டுத் தண்ணீரை வடித்துக் கொட்டாமல் கூழ் காய்ச்சக் கூடாது என்பதும் இந்த அறிவோடு சேர்ந்தே வரவேண்டும். யூடியூப் பார்த்துத் தொடங்குகிறவர்கள் கவனிக்க. கூழுக்குள் போட நண்டும் இறாலும் முழங்கால் ஆழக் கடலில் உண்டு.

ஆனால் கள்ளு இறக்கப் பனையில் ஏற ஆள் வேண்டும். இன்றைக்குச் சீவத் தெரிந்தவரைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு.

இல்லாமையோடு வாழ்வது எப்படி என்று எங்கள் தலைமுறைக்கு யாரும் கையேடு அனுப்பத் தேவையில்லை. 1990இல் இலங்கைப் படையினர் தீவுகளைப் பிடித்தபோது குடாநாட்டுக்குள் ஓடிய தீவார், அங்கே பொருளாதாரத் தடைக்குள் ஐந்து வருடம் இருந்தார்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சொட்டு மண்ணெண்ணெயும் ஒரு நூல் திரியும் போட்டு விளக்கு. சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைக் கையால் சுற்றி டைனமோவில் ரேடியோச் செய்தி. சவர்க்காரம் இல்லாதபோது பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தார்கள். கொடியில் காய்ந்த வேட்டியை வாசம் பிடித்து வந்த மாடு சப்பிவிட்டுப் போனதும் உண்டு.

மின்சாரத்துக்குச் சூரியத்தகடு போதும் என்கிறார் மச்சான். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்குமாக இந்திய மானியத்தில் 2024 மார்ச்சில் ஒப்பந்தமான திட்டத்தைப் பார்க்கட்டும். சூரியசக்தி 1,700 கிலோவாற், காற்று 530, சேமிக்கப் பெரிய பற்றரி. அத்தனைக்கும் பிறகு கையிருப்பாக 2,500 கிலோவாற் டீசல் இயந்திரம். டீசலோ படகில்தான் வரவேண்டும்.

இனி அந்த "ஒரே வழி" விஷயம். ஒதுக்கம் பாதுகாப்பு என்பதை அல்லைப்பிட்டியில் நின்றுகொண்டு யாரும் சொல்லக் கூடாது. 2006 மே 13 இரவு இங்கும் அண்டை ஊர்களிலுமாக 13 பேர் கொல்லப்பட்டார்கள், அதில் கைக்குழந்தையும் இருந்தது. ஓகஸ்டில் சண்டை வெடித்தபோது சனம் ஓடி ஒளிந்த புனித பிலிப்பு நேரியார் தேவாலயத்தில் ஷெல் விழுந்தது. காயப்பட்டவர்களைக் காப்பாற்ற அலைந்த பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் அதே மாதம் 20ஆம் தேதி காணாமல் போனார். நகரம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் தெரிந்துகொண்டிருந்தது. தாம்போதியில் காவலரண் போட்டவன் கையில் ஊர் இருந்தது. மறுகரைக்கு ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குப் பாதை என்னும் மிதவை ஓடும். அதுவும் யாரோ ஓடவிட்டால்தான். ஒதுக்கம் தேடி வருகிறவர் கதவு எங்கே என்று மட்டும் பார்க்கிறார். திறப்பு யாருடைய இடுப்பில் தொங்குகிறது என்று பார்ப்பதில்லை.

இத்தனைக்கும் ஒருகாலத்தில் உலகமே வந்துபோன கரை இது. சீனத்துச் சொங் அரசர் காலப் பீங்கான் ஓடுகள் இந்த மணலுக்குள் கிடைத்திருக்கின்றன. ஷாங்காய் அருங்காட்சியகத்தார் 2018இல் வந்து தோண்டினார்கள். அந்த மாலுமிகளும் முதலில் கிணற்றைத்தான் தேடியிருப்பார்கள்.

மச்சானிடம் இரண்டு கேள்வி கேட்டேன். பக்கத்துக் காணியில் யார் இருக்கினம்? நடுச்சாமத்தில் பாம்பு கடித்தால் ஆரைக் கூப்பிடுவியள்? கிழக்கு வீட்டுக்காரர் பாரிஸில், கேற்றில் மாங்காய்ப் பூட்டு. மேற்கில் பற்றை. தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு மனுசி தனியே ஆடு வளர்க்கிறார், அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அவருடைய கிணறு மட்டும் நல்ல தண்ணீர்.

"முதல்ல ஆவணியில ஒருக்கா வந்து, உங்கட கிணத்துத் தண்ணியக் குடிச்சுப் பாருங்கோ," என்றேன்.

"ஆவணி வெயில் பிள்ளையளுக்குத் தாங்காது. மார்கழியில வாறம்."

(தொடரும்)