உண்ண முடியாதவளின் சொல்லையும் கேட்போம்

"சோறு தொண்டைக்குள் இறங்குதில்லை." "வயிறு கல்லுப் போலக் கிடக்குது." யுத்தத்தில் உறவுகளைப் பறிகொடுத்து, கண்டியிலும் சூழவுள்ள ஊர்களிலும் வாழும் எமது சகோதரிகளுக்கு இவ்வார்த்தைகள் புதியவை அல்ல. துயரத்தால் சில நாட்கள் பசி குறைவது இயல்பு. ஆனால் வாரக்கணக்கில் உணவை ஒதுக்கி, உடல் மெலிந்து, சிலருக்கு மாதவிடாயும் நின்றுபோகுமானால் அதனைப் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. அது சிகிச்சை தேவைப்படும் நோயாக இருக்கலாம்.

உணவை ஒதுக்கி உடலை வருத்தும் உளநோயொன்றை வைத்தியர்கள் 'அனொரெக்சியா' என்பர். பருமனாகிவிடுவேனோ என்ற பயமே இதன் முக்கிய அடையாளம் என மேலைத்தேய மருத்துவ நூல்கள் நீண்ட காலம் கூறிவந்தன. எல்லாப் பெண்களும் அவ்வாறு கூறவில்லை. ஹொங்கொங்கில் மனநல வைத்தியர் சிங் லீயும் சக வைத்தியர்களும் 70 நோயாளரை ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட கட்டுரையின்படி, 41 பேரிடம் அந்தப் பயம் காணப்படவில்லை. வயிறு ஊதிக் கிடக்கிறது, பசியில்லை என்பன போன்ற காரணங்களையே பலர் கூறினர். 1995இல் இந்திய வைத்தியர்கள் விபரித்த ஐந்து இளம் பெண்களிடமும் தம் உடல் தோற்றம் பற்றிய பிழையான எண்ணம் காணப்படவில்லை.

ஆகவே, நோயாளி தரும் காரணத்தைக் கேளாமல் நூலிலுள்ள காரணத்தை அவள்மீது சுமத்தினால் வேறொருத்திக்குச் சிகிச்சை அளிப்பதாகவே முடியும். மனச்சோர்வு, யுத்த அதிர்ச்சி, காசநோய், வயிற்று நோய் என்பவற்றாலும் உணவு வெறுக்கலாம். இவற்றைப் பிரித்தறியவும் அவளது சொல்லே துணை.

"முன்பு இப்படி இல்லை, ஆளே மாறிவிட்டாள்" என வீட்டார் கூறுவதுண்டு. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில், ஆரோக்கியமான 36 ஆண்கள் தாமாக முன்வந்து ஆறு மாதம் அரைவயிற்று உணவில் இருந்தனர். அவர்களும் எரிச்சலும் சோர்வும் கொண்டு, தனிமையை நாடி, உணவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தனர். பட்டினியே மனிதரின் சுபாவத்தை மாற்றும் என்பதை இது காட்டியது. எனவே அந்த மாற்றம் அவளது குணம் அல்ல. உடல் தேறாமல் மனம் தேறுவதும் கடினம்.

காணி, வீடு, கணவன் என அனைத்தையும் இழந்தவளுக்குத் தன் தட்டு ஒன்றே தன் கையில் உள்ளதாகத் தோன்றலாம். அதையும் பறிப்பதுபோல வற்புறுத்தினால் அவள் இன்னும் ஒதுங்குவாள். அவளை நோயின் பெயரால் அழையாது, அவளது பெயரால் அழையுங்கள். தையல், பிள்ளைகள், கோயில் என அவள் விரும்பிய மற்றவற்றையும் பேசுங்கள்.

கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உள்ளன, சிகிச்சை இலவசம். சிங்களம் தெரியாதவளுடன் மொழி தெரிந்த ஒருவர் செல்லட்டும். ஆனால் தாயோ மாமியோ அவளுக்காகப் பதில் கூறாது, அவள் கூறுவதை மட்டும் மொழிபெயர்க்க வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்திற்கும் அழைக்கலாம்.

ஒன்றை மறவாதீர்கள். நெடுநாள் உண்ணாதவளுக்கு ஒரேயடியாக நிறைய உணவு ஊட்டுவது இதயத்தையே பாதிக்கக்கூடும். மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ இருந்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். வைத்தியரின் மேற்பார்வையில் சிறிது சிறிதாக உணவைக் கூட்டுவதே பாதுகாப்பு.

"ஏன் சாப்பிடவில்லை?" என்று அதட்டுவதை விட்டு, "உனக்கு என்ன செய்கிறது, சொல்லு" என்று அருகில் அமர்ந்து கேட்போம். சிகிச்சை அங்கேயே ஆரம்பமாகின்றது.