இறுகிய நட்டா, ஒட்டிய நட்டா?

போன லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவுடைய பழைய பைக்கை ஓட்டிப் பார்க்கலாமென்று ஓர் ஆசை. முட்டம் பக்கம் வீடு. கடலுக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு தென்னந்தோப்புதான். மூன்று வருடமாகத் தார்ப்பாய்க்குள் நின்ற வண்டி, ஆச்சரியமாக ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஆனால் சைலன்சர் வாயில் புகை கசிந்தது. பாக்கிங் மாற்ற வேண்டும். அதற்கு இன்ஜின் ஹெட்டில் இருக்கும் இரண்டு நட்டைக் கழற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதல் நட்டு அசையவில்லை. ஸ்பேனரில் ஒரு இரும்புக் குழாயை மாட்டி இழுத்தேன். ‘டக்’கென்று ஒரு சத்தம். வந்துட்டு என்று சந்தோஷப்பட்டது அரை நிமிடம்தான். நட்டோடு பாதி ஸ்டட்டும் கையில் வந்திருந்தது. மீதிப் பாதி அலுமினிய ஹெட்டுக்குள்.

ஹெட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த அண்ணாச்சி உடைந்த முனையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, இது இறுகிக் கெடந்த நட்டு இல்ல. ஒட்டிக் கெடந்த நட்டு. ரெண்டுக்கும் வைத்தியம் வேற.”

இந்தக் கட்டுரை அந்த ஒரு வரிக்கு நான் தேடிய விளக்கம்.

ஒட்டுவது எப்படி?

நட்டும் போல்டும் சுழல வேண்டுமென்றால் மரைகளுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி வேண்டும். 8 மில்லிமீட்டர் போல்டுக்கு அது குறைந்தபட்சம் 0.03 மி.மீ. அளவு. தலைமுடியின் பாதித் தடிமன்கூட இல்லை. இரும்பு துருவாகும்போது, இருந்ததைப் போல் இரண்டிலிருந்து ஆறு மடங்கு வரை இடத்தைப் பிடிக்கும். உப்புக் காற்று அதிகமுள்ள கடலோரங்களை ஐ.எஸ்.ஓ. தரநிலை ‘சி5’ என்று வகைப்படுத்துகிறது. அங்கே திறந்த வெளியில் வைத்த சாதாரண இரும்பு முதல் வருடத்தில் 0.08 முதல் 0.2 மி.மீ. வரை கரையும். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். மரை இடைவெளி நிரம்ப ஒன்றிரண்டு மழைக்காலமே போதும். நிரம்பிய பிறகும் துரு வளரப் பார்க்கும். போக இடமில்லாததால் இரண்டு பக்கமும் நெருக்கும்.

நம்ம மாவட்டத்துக்கு இதில் கூடுதல் அதிர்ஷ்டம். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதாவது, மழை பெய்யாத நாளிலும் உப்புப் படிந்த நட்டு நனைந்துதான் இருக்கிறது. தார்ப்பாய் மூடியதும் நன்மை செய்யவில்லை. உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது.

இன்னொன்று. இரும்பு ஸ்டட் அலுமினியத்துக்குள் இருக்கிறது. இரண்டு வேறு உலோகம், நடுவில் உப்புநீர். இது ஒரு குட்டி பேட்டரி. இதில் அலுமினியம்தான் அரிக்கப்படும். அதனால் உண்டாகும் வெள்ளைப் பொடியும் மரையை அடைக்கும்.

பலம் ஏன் உதவாது?

8.8 தரத்திலுள்ள 8 மி.மீ. போல்டை முறுக்க வழக்கமான அளவு சுமார் 25 நியூட்டன் மீட்டர். 33-ஐத் தாண்டினால் அது முறிய வாய்ப்புண்டு. 20 செ.மீ. ஸ்பேனரில் 13 கிலோ அளவுக்கு இழுத்தால் 25 வந்துவிடும். அதே இழுப்பை 60 செ.மீ. குழாயில் இழுத்தால் 76! நட்டு ஒட்டியிருக்கும்போது குழாய் போட்டு இழுப்பது கழற்றுவதல்ல, முறிப்பது. நான் செய்தது அதைத்தான்.

சரியான வரிசை

இரண்டாவது நட்டை அண்ணாச்சி சொன்ன வரிசையில் கழற்றினேன். ஒவ்வொரு படிக்கும் காரணம் உண்டு.

முதலில், வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் நட்டு அசைந்தாலும் வெளித்துருவில் போய் மறுபடி சிக்கும்.

அடுத்து எண்ணெய். மண்ணெண்ணெயில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் கலந்து விட்டேன். மண்ணெண்ணெய் நுழையும், ஆயில் வழுக்கும். வெறும் இன்ஜின் ஆயில் கெட்டி. நுண்ணிய இடைவெளிக்குள் போக நாளாகும். 1921-இல் வாஷ்பர்ன் என்பவர் தந்த சமன்பாட்டின்படி, திரவம் நுழையும் ஆழம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இரண்டு மடங்கு ஆழம் போக நான்கு மடங்கு நேரம் வேண்டும். “ராத்திரி ஊறட்டும்” என்று மெக்கானிக்குகள் சொல்வதன் கணிதம் இதுதான். கடையில் கிடைக்கும் டபிள்யூடி-40-ஐயும் அடிக்கலாம். ஆனால் அது 1953-இல் அமெரிக்காவில் அட்லஸ் ஏவுகணையின் மேற்தோல் துருப்பிடிக்காமல் இருக்க, ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்த திரவம். பெயரிலுள்ள 40, நாற்பதாவது முயற்சியைக் குறிக்கும். ஒட்டிய நட்டுக்கென்றே தனி எண்ணெய்கள் இருக்கின்றன.

மூன்றாவது, தட்டுதல். நட்டின் பக்கங்களில் சின்னச் சுத்தியலால் பல தடவை, மெதுவாக. பின்பக்கம் ஒரு கனமான இரும்பைத் தாங்கக் கொடுக்க வேண்டும். துரு கண்ணாடி மாதிரி. அழுத்தினால் தாங்கும், அதிர்ந்தால் விரிசல் விடும். விரிசல் விட்ட இடத்தில் எண்ணெய் நுழையும். ஸ்டட்டின் முனையில் மட்டும் ஓங்கி அடிக்கக் கூடாது, மரை நசுங்கும்.

நான்காவது, ஸ்பேனர். ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனர்தான் வேண்டும். பன்னிரண்டு முனை வளைய ஸ்பேனர் மூலைகளை மழுக்கிவிடும். முதலில் கழற்றும் திசையில் அல்ல, முறுக்கும் திசையில் ஒரு நூலளவு. ஒட்டு விட்டுப்போக எந்தத் திசையும் ஒன்றுதான். அசைந்துவிட்டால் கால் சுற்று வெளியே, அரைக்கால் உள்ளே, மறுபடி எண்ணெய். பொடியான துரு வெளியே வந்துகொண்டே இருக்கும்.

ஐந்தாவது, சூடு. மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். சுட்ட வளையம் உள்ளேயும் பெரிதாகும். 8 மி.மீ. துளையுள்ள இரும்பு நட்டை 200 டிகிரி கூடுதலாகச் சுட்டால் துளை 0.019 மி.மீ. விரியும். அலுமினியம் ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு விரியும். அதனால் ஹெட்டுக்குள் மாட்டிய ஸ்டட்டுக்குச் சூடு நல்ல மருந்து. ஆனால் எச்சரிக்கை: பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தூரத்தில் வைத்து, ஊற்றிய எண்ணெயை முழுக்கத் துடைத்த பிறகே சுட வேண்டும். ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும். அலுமினியம் இரும்பைப் போல் சிவந்து எச்சரிக்காது, திடீரென்று உருகி விழும்.

இத்தனைக்கும் வரவில்லையென்றால் நட்டைப் பக்கவாட்டில் அறுத்துப் பிளந்துவிட வேண்டும். நட்டு சில ரூபாய். ஸ்டட் உடைந்தால் என்ன ஆகும் என்பதை நான் நேரில் பார்த்தேன். இரும்பு கடினம், சுற்றியுள்ள அலுமினியம் மென்மை. டிரில் பிட் வழுக்கி அலுமினியத்தைத் தின்னப் பார்க்கும். அண்ணாச்சி நட்டநடுவில் புள்ளி குத்தி, துளை போட்டு, பழையதை எடுத்து, புது மரை போட அரை நாள் ஆனது. கை கொஞ்சம் தவறியிருந்தால் ஹெட்டே போயிருக்கும். அந்தப் பழைய மாடலுக்கு ஹெட் தேடி எங்கே போவது?

இரண்டாவது நட்டுக்குச் சூடு தேவைப்படவில்லை. இரண்டு ராத்திரி ஊறல், நிறையத் தட்டல். மூன்றாம் நாள் காலையில் ஒரு ‘கிரீச்’ சத்தத்தோடு வந்தது. ஒட்டு விடும் சத்தம் கிரீச், உலோகம் முறியும் சத்தம் டக். இந்த வித்தியாசத்தைக் காது ஒரு தடவை கற்றுக்கொண்டால் போதும். முறுக்கும்போது ரப்பர் மாதிரி நெகிழ்வாகத் தோன்றினால் உடனே நிறுத்துங்கள். அது முறிவதற்கு முந்தின நிலை.

திரும்பப் போடும்போது மரையில் சூடு தாங்கும் காப்பர் கிரீஸ் தடவினேன். இடைவெளியில் முதலில் கிரீஸ் குடியேறிவிட்டால் உப்புநீருக்கு இடமில்லை. கிரீஸ் தடவிய நட்டு வழுக்கும் என்பதால் வழக்கத்தைவிடச் சற்றுக் குறைவாக முறுக்க வேண்டும். பிரேக் லைனிங் பக்கம் அந்த கிரீஸ் போகவே கூடாது.

தார்ப்பாயை எடுத்துவிட்டேன். வண்டி இப்போது காற்றோட்டமான ஓட்டுச் சாய்ப்பில் நிற்கிறது. மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, நட்டுகளில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவது அப்பாவின் வேலை. நான் குழாய் போட்டு இழுத்த கதையை, யார் வீட்டுக்கு வந்தாலும் சொல்லுவதும் அவர் வேலைதான்.