பவளத்தைக் குடியேற்றும் முறை



பவளம் என்றதும் நவமணிகளுள் ஒன்றுதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் கடலடியில் வாழும் பவளம் கல்லுமன்று, செடியுமன்று; அது ஒரு விலங்கு. சிற்றுயிர்கள் பல ஒன்றுகூடிச் சுண்ணாம்பு வீடு கட்டி வாழும் குடியிருப்பே நாம் காணும் பவளக்கொத்து. அமெரிக்கா, ஜெர்மனி முதலிய நாடுகளில் பவளத் துண்டுகளைத் தொட்டிகளில் வளர்த்து விற்கின்றனர். வாங்குவோர் அவற்றைத் தம் வீட்டு உப்புநீர்த் தொட்டியில் வைத்துப் பேணுகின்றனர். அவ்வாறு வந்த பவளம் புது வீட்டில் எங்ஙனம் நிலைகொள்கின்றது என்பதை விளக்க விரும்புகிறேன்.

ஒளியை நாடும் பவளங்களின் தசைக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கையால் உணவு ஆக்கி, அதிற் பெரும்பகுதியைப் பவளத்துக்கு வழங்குகின்றன. பவளம் அவற்றுக்கு உறைவிடமும் உரமும் தருகின்றது. இவ்வுறவு எளிதில் முறியக்கூடியது. 1928-29இல் சி. எம். யங் என்னும் ஆங்கில அறிஞர் தலைமையில் ஆஸ்திரேலியப் பவளத்திட்டுக்குச் சென்ற குழுவினர், பவளங்களை இருளில் வைத்து ஆராய்ந்தபோது, அவை தம் பாசிகளை வெளியேற்றக் கண்டனர். பாசி நீங்கினால் நிறமும் நீங்கும். வெண்ணிறச் சுண்ணாம்பு வெளியே தெரியும். இதனையே பவளம் வெளுத்தல் என்கிறோம்.

ஆகவே, மாற்றம் எதுவாயினும் மெல்ல மெல்ல நிகழவேண்டும். முதலாவது, வெப்பம். பவளம் வந்த பையைத் திறவாமல், தொட்டி நீரின்மேல் சுமார் 20 நிமிடம் மிதக்க விடுவர். உள்ளும் புறமும் ஒரே வெப்பநிலை எய்தும். தொட்டி நீர் 24 முதல் 27 பாகை செல்சியசுக்குள் இருத்தல் நலம்.

இரண்டாவது, உப்பு. கடல்நீரில் ஆயிரம் பங்குக்கு ஏறத்தாழ 35 பங்கு உப்பு உண்டு. பை நீரின் உப்பும் தொட்டி நீரின் உப்பும் வேறுபட்டால், சவ்வூடு பரவலால் பவளத்தின் உயிரணுக்கள் வீங்கும் அல்லது சுருங்கும். அதனைத் தடுக்க, தொட்டி நீரைச் சிறுகச் சிறுகப் பையில் சேர்ப்பர். ஆனால் இதனையும் நெடுநேரம் நீட்டித்தல் ஆகாது. மூடிய பையில் தேங்கிய கரியமில வாயு, பையைத் திறந்ததும் வெளியேறும்; நீரின் காரத்தன்மை உயரும்; கழிவிலுள்ள அம்மோனியா அப்போது நஞ்சாகும். எனவே அரைமணி நேரத்தில் இவ்வேலையை முடித்து, பவளத்தை மட்டும் எடுத்துப் பை நீரைக் கொட்டிவிடுவர். ஒட்டுண்ணிகளைக் களைவதற்குரிய மருந்து நீரில் சிறிது நேரம் அமிழ்த்தி எடுப்பதும் வழக்கம்.

மூன்றாவது, ஒளி. வேற்றூரிலிருந்து வந்து சேர்ந்த மாணவனை நான் முதல் நாளே கரும்பலகை முன் நிறுத்துவதில்லை. சில நாள் பின்வரிசையில் அமர்ந்து பழகட்டும் என்று விடுவேன். புதிய பவளத்தையும் அவ்வாறே ஒளி குறைந்த அடித்தளத்தில் வைத்து, இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாக மேலே ஏற்றவேண்டும். திடீரெனப் பேரொளி பட்டால் பாசிகள் தாங்கா. பக்கத்துப் பவளத்துக்கும் இடைவெளி வேண்டும். சில இனங்கள் இரவில் நீண்ட கொட்டும் இழைகளை வீசி அயலாரைத் தாக்கும்.

இதனைக் கேட்டு நம் கடற்கரைக்குச் சென்று பவளம் எடுக்க எண்ணாதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற் பட்டியலில், திட்டு அமைக்கும் பவளங்கள் 2001இல் சேர்க்கப்பட்டன. அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம்.

ஆயினும் தொட்டியில் கற்ற பாடம் கடலுக்கும் பொருந்துவதாகும். வழக்கமான கோடை வெப்பத்தைவிடக் கடல்நீர் ஒரு பாகை மிகுந்து சில வாரங்கள் நீடித்தாலே பவளம் வெளுக்கின்றது. மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் அவ்வாறு நேர்ந்தது. தொட்டியில் வெப்பம் மிகுந்தால் ஒருவர் கைநீட்டிக் குறைத்துவிடலாம். கடலுக்கு அத்தகைய விசை ஏதும் இல்லை. அங்கே மாற்றத்தின் வேகத்தைக் குறைக்க வேண்டியவர்கள் மக்களாகிய நாம் அனைவருமே. இவ்வுண்மையை உணர்ந்து செயற்படும் தலைமுறையாக நீங்கள் வளரவேண்டும் என்பதே என் விருப்பம்.