எல்லை கடக்கும் வீட்டு வண்டி

படுத்துறங்கும் கட்டிலையும் சமைக்கும் அடுப்பையும் உடன்கொண்டு ஊர் ஊராய்ச் செல்லவேண்டும் என்னும் ஆசை மனிதனுக்குப் புதியதன்று. கூண்டுவண்டியிலே யாத்திரை சென்றோர் அதனை ஒருவாறு நிறைவேற்றிக் கொண்டனர். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, குளிர்ப்பெட்டி யாவும் பொருத்திய மோட்டார் வண்டி அவ்வாசையின் இக்கால வடிவமாகும். மேனாட்டார் இதனைக் கரவான் என்பர். வீட்டு வண்டி எனத் தமிழிற் கூறல் பொருந்தும். ஒரு நாட்டினுள்ளே இதனை ஓட்டிச் செல்வதில் பெருந்தொல்லை ஏதுமில்லை. இன்னொரு நாட்டின் எல்லைச் சாவடியை அடைந்தவுடனே தான் சிக்கல் தொடங்குகின்றது. உள்ளிருப்போருக்கு வீடாக விளங்கும் அது, சுங்க அதிகாரியின் கண்ணுக்குத் தீர்வை செலுத்தப்படாத பண்டமாகத் தோன்றுகின்றது.

நாற்புறமும் கடல் சூழ்ந்த இலங்கையில் வாழும் நேயர்களுக்குத் தரைவழி எல்லை என்பது தேசப்படத்திற் கண்ட கோடு மட்டுமே. ஒரே தெருவின் குறுக்கே ஒரு தடுப்புமரம். அதற்கு இப்பால் ஒரு சட்டம், அப்பால் வேறொரு சட்டம். தடுப்புமரத்தைத் தாண்டிய வண்டி திரும்பி வராது அங்கேயே விலைப்பட்டுவிட்டால், அந்நாட்டு அரசு பெறவேண்டிய தீர்வை இழக்கப்படும். இறக்குமதித் தீர்வை வண்டியின் விலைக்கு ஒப்பாகவோ அதனினும் மிகையாகவோ உள்ள நாடுகள் உண்டாகையால், அதிகாரியின் ஐயத்தைக் குறைகூறுதல் நியாயமாகாது. அதே வேளையில், சுற்றுலாச் செல்வோன் எல்லைதோறும் அத்துணைப் பணத்தைக் கட்டிவைத்துப் பின்னர் மீட்டுக்கொள்வதென்பதும் நடவாத காரியம்.

இவ்விரு தரப்பாருக்கும் இடையே நின்று வழிகண்டவை மோட்டார்ச் சங்கங்களாம். பயணி தன் நாட்டுச் சங்கத்திடம் ஒரு தொகையை ஈடாக வைக்கின்றான், அல்லது வங்கியின் உத்தரவாதத்தைக் கொடுக்கின்றான். சங்கம் அவனுக்குக் கார்னே எனப்படும் சுங்கப் புத்தகத்தை வழங்குகின்றது. வண்டி திரும்பாவிடின், சென்ற நாட்டிலுள்ள உறவுச் சங்கம் தீர்வையைச் செலுத்தும். அச்சங்கத்திற்குப் புத்தகம் வழங்கிய சங்கம் ஈடுசெய்யும். அது பயணியின் ஈட்டிலிருந்து கழித்துக்கொள்ளும். ஒருவரையொருவர் கண்டறியாத அலுவலர் பலரின் நம்பிக்கை ஒரு சங்கிலியாகக் கோக்கப்பட்டிருத்தலே இவ்வேற்பாட்டின் சிறப்பு.

இப்புத்தகம் ஐந்து, பத்து, இருபத்தைந்து தாள்கள் கொண்டதாகக் கிடைக்கும். செல்லுபடியாகும் காலம் ஓராண்டு. எஞ்சின் இலக்கம், அடிச்சட்ட இலக்கம், வண்டியின் நிறம், ஆசனங்களின் தொகை, மேலதிகச் சில்லு, வானொலிப் பெட்டி ஆகியன அதில் எழுதப்படும். ஒவ்வொரு தாளும் மூன்று பகுதிகளை உடையது. நுழையும்போது ஒரு துண்டையும் வெளியேறும்போது மற்றொன்றையும் சுங்கத்தார் கிழித்தெடுப்பர். அடிக்கட்டை புத்தகத்திலே எஞ்சியிருக்கும். அவ்வடிக்கட்டையில் நுழைவு முத்திரை, வெளியேற்ற முத்திரை ஆகிய இரண்டும் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது முத்திரையே உயிர்நாடி. நள்ளிரவிலே, அரைத்தூக்கத்திலுள்ள ஒரு சாவடியில், கடவுச்சீட்டை மட்டும் காட்டிவிட்டு விரைந்து செல்லும் பயணி, வண்டி வெளியேறியது என்பதற்குச் சான்றில்லாதவன் ஆகின்றான். வண்டியோ தன் வீட்டு முற்றத்தில் நிற்கும். ஏடுகளின்படி அது அயல்நாட்டிலே விலைப்பட்டதாகக் கருதப்படும். வாழ்நாட் சேமிப்பை ஈடாக வைத்தவருக்கு இது சிறு விடயமன்று. இதற்கும் ஒரு பரிகாரம் உண்டு. வண்டி அந்நாட்டிற்கு வெளியே இருப்பதை நேரிற் கண்டு உறுதிப்படுத்தும் அத்தாட்சியைச் சுங்க அதிகாரி போன்ற பொறுப்பு வாய்ந்த ஒருவரிடம் பெற்று அனுப்பலாம். ஆயினும் ஒரு முத்திரைக்காகச் சாவடியிற் காத்திருக்கும் அரைமணி நேரம், பின்னர் கடிதமெழுதிக் கழிக்கும் அரையாண்டிலும் மேலானது.

இவ்வொழுங்குகளுக்கு அடிப்படையாவது, 1954 யூன் 4 ஆம் நாள் நியூயோர்க்கில் நிறைவேறிய சர்வதேச ஒப்பந்தம். இலங்கையும் அதில் ஒப்பமிட்டது. இழுத்துச் செல்லப்படும் கூண்டும் வண்டி என்றே அதில் வரையறுக்கப்பட்டுள்ளது. வண்டியின் வழக்கமான தொட்டியிலுள்ள பெற்றோலுக்குத் தீர்வையில்லை. விபத்திலே வண்டி நொறுங்கிப் போனால் அதனைச் சுமந்து வெளியேற வேண்டியதில்லை; தீர்வையைச் செலுத்தலாம், அரசிடம் ஒப்புவிக்கலாம், அல்லது அதிகாரிகள் முன்னிலையில் அழித்துவிடலாம். அதே நாளில் நிறைவேறிய துணை ஒப்பந்தம் பயணியின் உடைமைகளைப் பற்றியது. பத்து இசைத்தட்டுகளோடு கூடிய கிராமபோன் ஒன்று, ஐந்தரை மீற்றருக்குக் குறைந்த தோணி ஒன்று, ரெனிசு மட்டைகள் இரண்டு எனச் செல்லும் அதன் பட்டியல், அக்காலத்து உல்லாசப் பயணியின் உருவத்தை ஓவியம்போற் காட்டுகின்றது.

ஐரோப்பிய நாடுகளுக்கிடையே இப்புத்தகத்தின் தேவை பெரும்பாலும் அற்றுப்போயிற்று. அங்கு வேண்டப்படுவது விபத்துக் காப்புறுதிச் சான்று. 1953 இல் நடைமுறைக்கு வந்த பச்சை அட்டை அது. 2020 யூலை முதல் அதனை வெள்ளைத்தாளிலும் அச்சிடலாம் என்றாயிற்று. பெயர் மட்டும் பச்சையாகவே இருக்கின்றது. உணவுக்கும் எல்லையுண்டு. 2021 சனவரி முதல் பிரித்தானியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தினுள் இறைச்சியும் பாலுணவும் எடுத்துச் செல்லுதல் தடுக்கப்பட்டது. வீட்டு வண்டியின் குளிர்ப்பெட்டியை நிரப்பிக்கொண்டு புறப்படுவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இலண்டனிலிருந்து இந்தியாவுக்குத் தரைவழி வருவோன் கால்வாயைக் கடந்ததும் வலப்புறம் ஓட்டத் தொடங்கி, ஈரான் எல்லை தாண்டிப் பாக்கிஸ்தானுள் நுழையும்போது மீண்டும் இடப்புறத்துக்கு மாறுவான். ஒக்ஸ்போட், கேம்பிரிச் பல்கலைக்கழக மாணவர் அறுவர் 1955 இல் இரு லாண்ட் றோவர் வண்டிகளில் இலண்டனிலிருந்து புறப்பட்டு, 1956 இல் சிங்கப்பூரை அடைந்தனர். ஈரானியப் புரட்சியும் ஆப்கானித்தானிற் சோவியத் படை புகுந்ததும் 1979 இல் நிகழ, பலர் சென்ற அப்பெருவழி குலைந்தது. 2025 ஏப்பிரலில் இந்தியா அட்டாரிச் சாவடியை மூடுவதாக அறிவித்தபோது, எஞ்சியிருந்த வழியும் அடைபட்டது.

எவ்வளவு செம்மையான புத்தகமும் மூடிய கதவைத் திறவாது. அத்தகைய வேளையில் வந்த வழியே திரும்புதல் அல்லது வண்டியைக் கப்பலேற்றுதல் ஒன்றே செய்யக்கூடியது. கப்பலேறும் துறைமுகத்திலும் வெளியேற்ற முத்திரை பெறுதல் வேண்டும். திரும்பி வருவதாயின், முன்னர் கடந்த நாட்டினுள் மறுமுறை நுழைவதற்குப் புதிய தாள் வேண்டும். பழைய தாள் உதவாது. நான்கு நாடுகளுக்கென்று கணக்கிட்டு ஐந்து தாட்புத்தகம் வாங்கியவன், இரண்டாவது நாட்டின் சாவடியிலேயே தாளின்றி நிற்க நேரும். அனுபவமுள்ளோர் இருபத்தைந்து தாட்புத்தகத்தையே கேட்டு வாங்குகின்றனர்.