அறுபது நாள் கெடு

"துரை நிற்கச் சொல்லிவிட்டார், இனி என்ன செய்ய?" என்று மூட்டை கட்டிய குடும்பங்கள் நம் தோட்டங்களில் ஒன்றிரண்டல்ல. தோட்டத்தில் வேலை போனால் சம்பளம் மட்டுமா போகிறது? குடியிருக்கும் வீடும் போகிறது. பிள்ளைகளின் படிப்பும் தடைப்படுகிறது. ஆகவே, வாசகர்களே, சட்டம் நமக்குத் தந்திருக்கும் பாதுகாப்பைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டின் 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டம், 20ஆம் பிரிவு என்ன சொல்கிறது? தக்க காரணமின்றி நீக்கப்பட்டதாகக் கருதும் தொழிலாளி, தம் வேலையைத் திரும்பக் கேட்டுத் தொழிலுறவு இலாகாவுக்கு எழுத்து மூலம் முறையிடலாம். சங்க உறுப்பினராக இல்லாதவருக்கும் இந்த உரிமை உண்டு. ஆனால் நீக்கப்பட்ட 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். "தீபாவளி கழியட்டும்" என்று தள்ளிப்போட்டுக் கெடு தாண்டிவிட்டால், இலாகா மனுவை ஏற்காது.

இலாகா முதலில் இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசும். முடியாவிட்டால் விவகாரம் தொழில் நீதிமன்றத்துக்குப் போகும். முன்பு அமைச்சர் அனுப்பினால்தான் போகும். 2021 முதல் இலாகாவின் தலைமை இயக்குநரே அனுப்புகிறார்.

நீதிமன்றத்தில் குற்றத்தை நிரூபிக்க வேண்டியவர் முதலாளி. பின்னாளில் பேராக் சுல்தானான ராஜா அஸ்லான் ஷா, 1981இல் கூட்டரசு நீதிமன்றத்தில் அளித்த தீர்ப்பு இங்கே முக்கியமானது. நீக்கும்போது சொன்ன காரணம் உண்மையா என்பதையே நீதிமன்றம் பார்க்கும். அது பொய்த்துப்போனால், முதலாளி புதுக்காரணம் தேட முடியாது. நீக்கியது தவறென்று கண்டால், நீதிமன்றம் வேலையைத் திரும்பக் கொடுக்கச் சொல்லலாம். இல்லையேல் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லலாம். இழந்த சம்பளமாக 24 மாதம் வரை கிடைக்கலாம்.

தவறு செய்ததாகச் சொல்லி நீக்குவதற்கு முன் விசாரணை நடத்த வேண்டும் என்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் கூறுகிறது. விசாரணைக்காக இரண்டு வாரம் வரை வேலைக்கு வராமல் நிறுத்திவைக்கலாம். ஆனால் பாதிச் சம்பளமாவது கொடுத்தாக வேண்டும். குற்றம் இல்லையென்றால் மீதியையும் தர வேண்டும்.

நம் பக்கமும் ஒழுங்கு வேண்டும். தக்க காரணமோ தகவலோ இல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராமலிருந்தால், ஒப்பந்தத்தை மீறியவர் நாமே ஆகிவிடுவோம்.

ஆபீசில் நீட்டும் தாளைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அது ராஜிநாமாக் கடிதமாக இருக்கலாம். வேலை நீக்கக் கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். மலாயோ ஆங்கிலமோ புரியாவிட்டால் பள்ளிக்கூடத்துக்கு எடுத்து வாருங்கள். படித்துச் சொல்ல எந்த ஆசிரியரும் மறுக்கமாட்டார். கடிதம் கிடைத்த அன்றே காலண்டரில் நாளைக் குறித்துவிடுங்கள்.