இரண்டாவது பேஸில் நிற்பவர்

பில் மசரோஸ்கி 1956-ல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்கு இரண்டாவது பேஸ் காக்க வந்தபோது வயது 19. 1972-ல் ஓய்வுபெறும்வரை வேறு அணியின் சட்டையைப் போடவில்லை. ஊர்ப்பற்று இருந்திருக்கும், ஆனால் அன்றைய பேஸ்பால் ஒப்பந்தமே வீரரைக் கட்டிப்போட்டது. அணி நினைத்தால் அவரை வேறு அணிக்குத் தள்ளிவிடலாம். அவராக விலக வழியில்லை.

இரண்டாவது பேஸ் காப்பவரின் உயிர் டபுள் பிளேயில் இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் வீசும் பந்தைப் பிடித்து, பேஸை மிதித்து ஒருவரை அவுட்டாக்கி, அதே மூச்சில் முதல் பேஸுக்கு எறிந்து இன்னொருவரையும் வீழ்த்த வேண்டும். அதற்குள் எதிரணி ஓட்டக்காரர் முழு வேகத்தில் அவர் காலைக் குறிவைத்துச் சறுக்கி வருவார். அன்று அதைத் தப்பென்று யாரும் சொன்னதில்லை. மசரோஸ்கி ஒதுங்கவும் மாட்டார். பந்து கையுறையில் தங்குவதே கண்ணுக்குத் தெரியாது, பட்டதும் பறந்துவிடும். அப்படி 1,706 டபுள் பிளே.

தரையும் ஆளைப் பதம் பார்த்தது. 1960 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம்: ஃபோர்ப்ஸ் ஃபீல்டின் கெட்டித்த மண்ணில் பட்டு எகிறிய பந்து, எதிரணி யாங்கீஸின் ஷார்ட்ஸ்டாப் டோனி குபெக்கின் தொண்டையில் அடித்தது. டபுள் பிளேயாகியிருக்க வேண்டிய பந்து அது. கடைசியில் மசரோஸ்கியின் ஹோம் ரன்தான் 10-9 என்று ஆட்டத்தை முடித்தது. ஊர் இன்றும் அதையே பேசுகிறது. எனக்கு அவர் கைகள்தான் பெரிது.

1975 இறுதியில் வந்த தீர்ப்பு ஒன்று வீரர்களைப் பிணைத்திருந்த அந்த ஒப்பந்தக் கட்டை அவிழ்த்தது. இன்றைய இரண்டாவது பேஸ்காரர் மார்கஸ் செமியன் 2021 முடிவில் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணியுடன் 7 ஆண்டுக்கு 17.5 கோடி டாலர் பேசி முடித்தார். ஆனாலும் 2025 இறுதியில் அவரை மெட்ஸ் அணிக்கு மாற்றினார்கள். அது அவருக்கு ஐந்தாவது அணி.

காலை வாரும் சறுக்கலுக்கு 2016-ல் தடை வந்தது. முந்தைய ஆண்டு அப்படியொரு மோதலில் மெட்ஸ் வீரர் ரூபன் தெஹாதாவின் கால் முறிந்திருந்தது. சரியான தடை, இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும். அடிப்பவரின் புள்ளிவிவரத்தைப் பார்த்து, இரண்டாவது பேஸ்காரரைப் புல்வெளியில் கொண்டுபோய் நிறுத்தும் வழக்கமும் 2023-ல் நின்றது. இப்போது பேஸின் இருபுறமும் இருவர் இருவராக, உள்கள எல்லைக்குள்ளேயே நிற்க வேண்டும். பந்து எங்கே வருமென்று கணக்கு சொன்னாலும், எட்டிப் பிடிக்க மறுபடி கால்கள்தான் வேண்டும்.